ஏசா படுத்திருந்த குன்று

கான்சாஸ் புல்வெளியில் அன்று பிற்பகலிலேயே வெளிச்சம் செத்துவிட்டது. லவீனா டாக்கெட் தன் தம்பி வைலியின் சவப்பெட்டியோடு பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, பனிப்புயல் வண்டிக் கழுதைகளின் காதைக் கடிக்கத் தொடங்கியிருந்தது.

வீடு என்பது குன்றின் சரிவைக் குடைந்த ஒற்றை அறைதான். முன்னால் கதவு, மற்ற மூன்று பக்கமும் மண். பின்சுவருக்கு அப்பால், அதே குன்றுக்குள், அண்ணன் ஏசா போன கோடையிலிருந்து படுத்திருந்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ரயிலை மறித்தவர்கள், வங்கியைக் கொள்ளையடித்தவர்கள்; சேர்த்தே புதைக்கச் சொல்லிவிட்டுத்தான் அம்மா கண்ணை மூடினாள். இப்போது வைலியையும் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

"வெளிய விட்டா ஓநாய் இழுத்துட்டுப் போயிடும்மா. பெட்டிய உள்ள வெச்சுடுவோம்" என்றார் வண்டிக்காரர் ஹைரம். "உசுரோட இருந்தப்போ உன் தம்பி இவ்வளவு சாதுவா எங்கயும் வந்ததில்ல."

பெட்டியைப் பின்சுவரோரம் வைத்துவிட்டு, அடுப்பில் காய்ந்த சாணத்தைப் போட்டு மூட்டினார்கள். லவீனா குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் மரம் உரசும் ஓசை.

பெட்டி சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது.

"நீங்க நகத்துனீங்களா?"

"என் இடுப்புக்கு அதெல்லாம் ஆகுமாம்மா?"

மறுபடி சுவரோரம் தள்ளினார்கள். அப்போது சுவரிலிருந்து மண் உதிர்ந்தது. உள்ளேயிருந்து யாரோ நகத்தால் சுரண்டினார்கள். ஈர மண்ணோடு வெடிமருந்து வாடை அறையை நிறைத்தது.

கண்ணெதிரே பெட்டி வழுக்கிக்கொண்டு ஓடிக் கதவில் மோதி நின்றது.

கதவு உள்பக்கம் திறப்பது. ஜன்னலும் கிடையாது. இருவரும் பெட்டியைப் பிடித்து இழுத்தார்கள். வேர் பிடித்ததுபோல் அது அசையவே இல்லை.

சுரண்டல் பலத்தது.

மண்கட்டி ஒன்று பெயர்ந்து விழுந்து பாதி நெருப்பை அணைத்தது.

"ஏசா ஊருக்குத்தான் எமன். கூடப் பொறந்தவங்க மேல கை வெச்சதில்ல" என்று முணுமுணுத்தாள் லவீனா. "வைலி ஏன் இப்படிப் பயப்படுறான்?"

கேட்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. ஏசாவின் உடலைக் கழுவியவள் அவள். குண்டு முதுகில் பாய்ந்திருந்தது. துரத்தி வந்தவர்கள் சுட்டுவிட்டதாக வைலி அன்று புரண்டு அழுதான். ஆனால் ஏசா யாருக்கும் முதுகு காட்டியவனில்லை. அவன் பின்னால் குதிரை ஓட்டி வர அனுமதி பெற்றவன் ஒருவன்தான்.

பெட்டியின்மேல் குனிந்தாள். "வைலி... நீயாடா?"

மூடிக்கடியில் ஒரு விசும்பல். சின்ன வயதில், அடி விழுவதற்கு முன்பே அவன் அழும் அதே விசும்பல்.

பின்சுவரில் ஒரு கை அளவுக்கு ஓட்டை விழுந்தது.

அந்த ஓட்டையில் கை இருந்தது.

"அதுக்கு வேண்டியது நாம இல்லம்மா" என்று கிசுகிசுத்தார் ஹைரம். "குடுத்துடு."

"என் தம்பி, பெரியவரே."

"நாமளும் செத்துட்டா அவனுக்காக யாரு அழப் போறா?"

லவீனா மூடியில் கன்னத்தை வைத்தாள். "ஒன்ன நான் இங்க கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதுடா. போ. போய் அவன்கிட்டயே சொல்லு."

பெட்டி இளகியது. இருவருமாக அதைப் பின்சுவரை நோக்கித் தள்ளிவிட்டு ஓடினார்கள். முதுகுக்குப் பின்னால் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும் சத்தம்.

"அக்கா!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிக்கடியில், கழுதைகளின் சூட்டில் ஒடுங்கிக்கிடந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். புயல் ஓய்ந்து வெயில் வந்த பிறகுதான் கதவருகே போகத் துணிந்தார்கள். பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பின்சுவரில் ஓட்டையும் இல்லை. நேற்றுத்தான் பூசி மெழுகியதுபோல் வழவழவென்றிருந்தது. தரைக்கு ஒரு சாண் மேலே வைலியின் கோட்டுக் கை மட்டும் மண்ணிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஹைரம் குனிந்து அதன் நுனியைத் தொட்டார்.

சுவர் அதை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது.