தூளியில் கனம்

தூளி தாழ்ந்து தொங்கியது. அய்யம்பெருமாள் உள்ளே நுழைந்ததும் கவனித்தது அதைத்தான். உத்தரத்தில் கட்டியிருந்த நூல்சேலை அடியில் ஒரு பிள்ளையின் அளவுக்குப் பிதுங்கி, யாரும் ஆட்டாமலே, சாம்பிராணிப் புகைக்குள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவன் சேலையை விலக்கிப் பார்த்தான். பழைய வேட்டித்துணி ஒன்று மடித்துக் கிடந்தது. வேறு எதுவும் இல்லை.

"மெதுவா பாருங்க மாப்ள. இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்றாள் மாமியார் செங்கமலம்.

பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "சிமிண்டு பாக்டரிக்காரன் புள்ளையில்ல, மூட்டையாட்டம் கனக்கறான். என்ன தம்பி, பேச்சக் காணோம்? ஆம்பளப் புள்ளன்னதும் வாயடச்சுப் போச்சா?"

அவன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மனைவி வேம்புவின் மனசு நோகக் கூடாது என்று நடிக்கிறார்கள் போலும். யாராவது ஒருத்தி கண்ணைக் காட்டுவாள் என்று காத்திருந்தான். யாரும் காட்டவில்லை.

வேம்புவின் வயிற்றில் பிள்ளை இல்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும். வளைகாப்புக்கு முன்னால் திருச்சிக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தபோது, டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டார். "உள்ள ஒண்ணுமில்லப்பா. பிள்ளை வேணும்னு அவ்வளவு ஏங்கி, இருக்குன்னே நம்பிட்டாங்க. நம்பினதுல வயிறு வளருது. நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். மலடி என்று கேட்டுக் கேட்டுத் தேய்ந்த முகத்தில் அன்று ஒரு மினுமினுப்பு இருந்தது.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"நல்லாருக்காம்."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு வளையல் அடுக்கினார்கள். தாய் வீட்டுக்கென்று பாடாலூருக்கு அழைத்து வந்தார்கள். தூளிக்குக் கயிறும் அவனே வாங்கிக் கொடுத்தான். பிறகு ரெட்டிபாளையம் சிமிண்டு பாக்டரியில் மூட்டை தைத்துக்கொண்டு, மாதம் கடந்தால் தானாகவே தெரிந்துவிடும் என்று இருந்துவிட்டான். பிள்ளை பிறந்துவிட்டது என்று லாரிக்காரர் ஒருவர் இன்று மதியம் வந்து சொன்னபோது, கையிலிருந்த சணலை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அழுவறான் பாரு" என்றாள் செங்கமலம். பூங்காவனமும் அதே நொடியில் தூளிப்பக்கம் திரும்பினாள். அவன் காதில் எதுவும் விழவில்லை. செங்கமலம் குனிந்து, தலைக்கு ஒரு கை, முதுகுக்கு ஒரு கை கொடுத்து வேட்டித்துணியை எடுத்தாள். தூளி மேலே எழும்பியது. கனம் இறங்கிய கயிறு உத்தரத்தில் கிறீச்சென்றது.

அதை வேம்புவிடம் கொடுக்க அவள் உள்ளறைக்குப் போக, அவனும் பின்னாலேயே போனான். பாயில் கிடந்தவளை முதலில் வேம்பு என்று நம்ப முடியவில்லை. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கழுத்தெலும்பின் குழியில் நிழல் தேங்கி நின்றது. கண்ணின் வெள்ளை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"வாங்க" என்று சிரித்தாள். "நல்லா குடிக்கிறான். வாய எடுக்கவே மாட்டேங்கறான்."

"ஒடம்பு ஏன் இப்படி ஆச்சு?"

"பெத்தவ ஒடம்பு அப்படித்தாங்க இருக்கும்."

பூங்காவனம் வீட்டுக்குப் போனாள். செங்கமலம் அடுப்படிக்குப் போனாள். கரண்ட் போய்விட்டது. சிம்னி விளக்கின் மங்கிய வெளிச்சத்தில், வசம்பு வாடைக்கும் புளித்த பால் வாடைக்கும் நடுவே, அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெறும் துணியை அணைத்திருக்கும் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ஈரமான சத்தம். விட்டு விட்டு வந்தது. உறிஞ்சும் சத்தம்.

விளக்கைக் கிட்டே கொண்டுபோனான்.

அவள் முலை முன்னால் இழுபட்டு நீண்டிருந்தது. இழுப்பது எதுவும் தெரியவில்லை. காம்பைச் சுற்றிப் பற்குறி. சின்னச் சின்னப் பற்கள். பால் வடிந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. வேம்புவின் கண் மேலே செருகியது.

"விடுடா!" என்று கத்தினான்.

சத்தம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தொடங்கியது.

செத்துவிடுவாள். விடிவதற்குள் செத்துவிடுவாள். அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"வேம்பு, கேளு. புள்ள இல்ல. டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. வயித்துல ஒண்ணுமில்லன்னு சொன்னாரு. நான்தான் மறைச்சேன்."

"என்னங்க சொல்றீங்க?"

"உத்துப் பாரு. கையில என்ன இருக்கு? துணி. வெறுந்துணி."

அவள் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"தெரிஞ்சேவா தூளிக்குக் கயிறு வாங்கிக் குடுத்தீங்க?"

அவள் கைகள் மெல்லத் தளர்ந்தன. உப்பியிருந்த துணி மடங்கி, அவள் மடியில் தட்டையாகப் படிந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த செங்கமலம் துணியை எடுத்து உதறினாள். தரையெல்லாம் தடவினாள். பிறகு கதவோரம் சரிந்து உட்கார்ந்து, குரல் வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள்.

வேம்பு கண்ணீர் காயாமலே உறங்கிப்போனாள். மூச்சு சீராக வந்தது. உதட்டில் மெல்ல நிறம் ஏறியது.

அய்யம்பெருமாள் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பிழைத்துவிட்டாள். இனி பயமில்லை.

ஆனால், விடுடா என்று சொன்னது யாரிடம்?

மடி கனத்தது.

குனிந்து பார்த்தான். கட்டியிருந்த வேட்டி மட்டும். வேட்டியில் ஒரு குழிவு. அந்தக் குழிவு அசைந்தது.

"இல்ல" என்றான். கனம் கூடியது. "இல்ல. இல்ல."

சட்டைப் பட்டன் ஒன்று கழன்றது. அடுத்ததும் கழன்றது. நெஞ்சில் சூடான மூச்சு. ஈரம். பிறகு பல்.

தோல் முன்னால் இழுபட்டது. கத்த வாயைத் திறந்தான். கத்தினால் வேம்பு விழிப்பாள். விழித்தால் பார்ப்பாள். பார்த்தால் மறுபடியும் நம்பிவிடுவாள். வாயை மூடிக்கொண்டான். அவனுடைய வலது கை தானாக எழுந்து, மடியில் ஒன்றுமே இல்லாத அந்த இடத்தை மெல்லத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.