உள்ளே பூட்டிய வாடை

மூன்று முறை கழுவிய சுவரிலிருந்து நான்காம் முறையும் டீ நிறத்தில் தண்ணீர் வடிந்தது. உம்மே ஹானி ஸ்பாஞ்சை முகர்ந்துவிட்டு வாளிக்குள் போட்டாள். சோப்பு வாசனை இல்லை. வினிகர் வாசனையும் இல்லை. அணைத்துப் போட்ட சிகரெட் துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்தது போன்ற அதே புளித்த வாடைதான்.

கொட்டிவாக்கத்து வாடகை வீட்டின் ஓதம் மகள் ரூஹிக்கு ஆகவில்லை. இழுப்பு வந்து வந்து, ஏழு வயதுக்குள் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தாகிவிட்டது. அதற்காகத்தான் கணவன் ஷோயப் அலைந்து திரிந்து பெசன்ட் நகரில் கடற்காற்று வரும் இந்த வீட்டைப் பிடித்தான். இங்கே முன்பு இருந்தவர் தனி ஆள். ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, முன்னறையிலேயே உட்கார்ந்து இருபது வருஷம் புகைத்து, அங்கேயே செத்தவர். வெள்ளிக்கிழமை பழைய வீட்டைக் காலி செய்தாக வேண்டும். இந்த வாடையோடு பிள்ளையை எப்படிக் கொண்டுவருவது?

பெயின்டர் தங்கவேல் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். திரைச்சீலை, மின்விசிறி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்து பிரைமர் அடித்தார். மறுநாள் காலையில் வெள்ளையின் மேல் மஞ்சள் கசிந்திருந்தது.

"இது சாதா பிரைமருக்கு அடங்காதும்மா," என்றார். "சீலர் அடிச்சு நாலு சுவரு, மேல தளம், அல்லாத்தையும் அடைச்சிட்டா வாடை உள்ளயே நின்னுரும். வெளிய வர வழியே கெடையாது."

"துளிகூட இருக்கக் கூடாதுண்ணே. புள்ளைக்கு ஆகாது."

"ஊசிமுனை எடம் உட மாட்டேம்மா."

வியாழக்கிழமை பகல் முழுக்க ரோலர் சுவரில் ஈரமாக, பசை பிரிவது போன்ற சத்தத்தோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அடைக்க அடைக்க வாடை குறையவில்லை, மாறியது. காலையில் பழைய சாம்பலாக இருந்தது மதியத்துக்குமேல் புதிதாகிவிட்டது. இப்போதுதான் உரசிய தீக்குச்சி, இப்போதுதான் பற்றிய புகையிலை, கூடவே யாரோ முகத்துக்கு நேரே நெருங்கி நின்று பேசுவது போன்ற ஒரு வெதுவெதுப்பு. ஹானி படிக்கட்டுவரை போய்ப் பார்த்தாள். யாருமில்லை.

தங்கவேல் ரோலரை நிறுத்திவிட்டு, இன்னும் சீலர் படாத மூலையில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"என்னாச்சுண்ணே?"

"சூடா கீதும்மா. இந்தப் பக்கம் வெயிலே படாதே."

அவர் மிச்சமிருந்த ஒரு முழ அகலத்தை அவசரமாக அடைத்தார். ரோலர் மூலையைத் தொட்டபோது சுவருக்குள் ஓர் ஓசை கேட்டது. பல்லிடுக்கில் காற்றை நீளமாக உள்ளே இழுக்கும் ஓசை. பிறகு நின்றுவிட்டது. இழுத்த மூச்சை விடும் ஓசை வரவேயில்லை.

வாடை போயிருந்தது. அடியோடு. தங்கவேல் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு, டீ குடிக்கச் சொன்னதற்கும் நிற்காமல் படியிறங்கினார்.

மறுநாள் மாலை, மீதிச் சாமான்களை ஏற்றிவர ஷோயப் போயிருந்தான். ரூஹி முன்னறையில் பாயில் தூங்கிவிட்டாள். ஹானி அடுக்களையில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். காது மட்டும் மகளிடம் இருந்தது. மூச்சுக்கு மூச்சு கேட்கும் அந்த மெல்லிய விசில் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறை. "அல்ஹம்துலில்லாஹ்," என்று முணுமுணுத்தாள். கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் தீக்குச்சி வாடை வந்தது.

ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கீழே தெரு காலி. காற்று கடல் பக்கமிருந்து உப்பு வாசனையோடுதான் வந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினாள். வாடை கூடியது.

முன்னறைக்கு ஓடினாள். சுவர்கள் வெள்ளை. அந்த மூலையும் வெள்ளை. தொட்டாள். சில்லென்றிருந்தது. முகத்தை வைத்து முகர்ந்தாள். வெறும் பெயின்ட்.

வாடை கீழிருந்து வந்தது.

பாயிலிருந்து.

"ரூஹி?"

பிள்ளை மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. வலது கை மெல்ல எழுந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து நீண்டு உதட்டில் வந்து நின்றன. பல வருஷம் பழகிய கையைப் போல. கன்னங்கள் குழிந்தன. நெஞ்சு உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. அப்படியே நின்றது.

ஹானி பின்வாங்கி, சுவரில் முதுகு மோதி நின்றாள்.

விரல்கள் உதட்டைவிட்டு விலகின. கட்டைவிரல் ஒருமுறை காற்றில் சுண்டியது.

மாலை வெயில் பாயின்மேல் சாய்ந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தில், ரூஹியின் சின்ன மூக்கிலிருந்து சாம்பல் நிறப் புகை நிதானமாக, அவசரமே இல்லாமல், வெளியே வரத் தொடங்கியது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.