ஒன்பதாம் நம்பர் வீட்டு எலும்புகள்

எழுபத்தெட்டா, எழுபத்தொன்பதா… நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அன்று மழை பெய்ததாக எனக்கு ஞாபகம். பொன்னம்மாள் நல்ல வெயில் என்கிறாள். அவளையே நம்புங்கள்.

ஆனால், ஃபோன் அலறியது நிஜம்!

நெய்வேலி ஸ்டேஷனில் அதை எடுத்தவன் நான். ஏட்டு பன்னீர்செல்வம்.

"ஏட்டய்யா… மண்டை ஓடு!"

சங்கரலிங்கத்தின் குரல். எங்கள் ப்ளாக் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"எங்க சார்?"

"நம்ம க்வார்ட்டர்ஸுக்கு எதிர்ல! அந்த லைன் வீட்டுக்குக் கடக்கால் தோண்டுறாங்களே, அங்க. எலும்பா வருது!"

கான்ட்ராக்ட் கூலிகளுக்காக அரசாங்கப் பணத்தில் இருபத்துநான்கு வீடுகள். திருட்டு பெருகும், குழாயில் தண்ணீர் குறையும் என்று சங்கம் மனு கொடுத்திருந்தது. நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து!

மனு தோற்றது.

இப்போது எலும்பு ஜெயிக்கப் பார்க்கிறது…

எஸ்.ஐ. ராஜாங்கம் பள்ளத்தின் விளிம்பில் நின்றார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"பழைய இடுகாடு சார்," என்றார் சங்கரலிங்கம். "ரிப்போர்ட்ல அத மட்டும் எழுதுங்க. வேலை நின்னுடும்."

"இடுகாடுன்னு யார் சொன்னது?"

"எலும்பே சொல்லுதே சார்!"

யாரோ சிரித்தார்கள்.

கவிழ்த்துப் போட்ட மண்கூடை மேல் உட்கார்ந்திருந்தாள் பொன்னம்மாள். மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. அவள் ஊரை மைன்ஸ் எடுத்துக்கொண்டு ஆறு வருஷம். அன்றிலிருந்து தார்ப்பாய்க்குக் கீழே குடித்தனம். அவளுக்கு ஒதுக்கியது ஒன்பதாம் நம்பர் வீடு.

எலும்பு கிடைத்ததும் ஒன்பதாம் நம்பரில்தான்!

"என்னம்மா சிரிப்பு?"

"இது எங்க ஊரு குட்டைங்க. எருமைங்க குளிச்சிகினு கெடந்த எடம். மைன்ஸ் மண்ண லாரி லாரியா கொட்டி மூடனாங்க. தண்ணிக்குள்ள யாருங்க பொணம் பொதைப்பாங்க?"

"வீட்டுக்காகப் பொய் சொல்லுது சார்!" என்றார் சங்கரலிங்கம்.

"ஐயா எந்த ஊருங்க?"

"திருநெல்வேலி. ஏன்?"

"அதாங்க. குட்டை தெரியல."

ராஜாங்கம் குனிந்து ஒரு கை எலும்பை எடுத்தார். துடைத்தார். முனையில் துளை. துளையில் பச்சை பூத்த செப்புக் கம்பி. மேலெல்லாம் பளபளப்பு…

"ஏட்டு, செத்தவனுக்கு யாருய்யா வார்னிஷ் அடிச்சது?"

"ஸ்கூல் லேப் எலும்புக்கூடு சார்!" என்றேன்.

ராஜாங்கம் திரும்பினார்.

"சங்கரலிங்கம்… இத லேப்லேர்ந்து யாரு எடுத்துக் குடுத்தது?"

சங்கரலிங்கம் வியர்வையைத் துடைத்தார். பிறகு, மெல்லச் சிரித்தார்.

"லேப் சாவி யார் வீட்டு ஆணியில தொங்குது சார்?"

ராஜாங்கம் எலும்பைக் கீழே வைத்தார்.

 

அந்தச் சாவி தொங்குவது ராஜாங்கத்தின் வீட்டில்! அவர் மனைவி புஷ்பவல்லி அந்த ஸ்கூலில் ஸயன்ஸ் டீச்சர்.

பத்தாவது நிமிஷம் அந்த வீட்டில் இருந்தோம்.

"நீயா?"

"நான்தான்." புஷ்பவல்லி காபியை வைத்தாள். "பையில போட்டுக் குடுத்தேன். சங்கரலிங்கம் பொதைச்சார். மனு குடுத்தா யார் கேட்டாங்க? நம்ம பொண்ணு அந்த வழியாத்தானே ஸ்கூலுக்குப் போகணும்? நீங்க மட்டும் என்னவாம்? முப்பத்தேழாவது கையெழுத்து யாரோடது?"

காபி ஆறியது.

"இடுகாடுன்னு ஒரே வரி எழுதிடுங்க. முடிஞ்சுது!" என்றாள் புஷ்பவல்லி.

ஜன்னலுக்கு வெளியே பொன்னம்மாள் தெரிந்தாள். இன்னமும் அதே கூடை மேல்… இந்த வீட்டு வாசலையே பார்த்தபடி.

"ஏட்டு, எழுதுய்யா."

"சார்…?"

"எலும்பு ஸ்கூலோடது. எடுத்தது என் மனைவி. பொதைச்சது சங்கரலிங்கம்." காபியைத் தள்ளி வைத்தார். "முப்பத்தேழாவது கையெழுத்து என்னோடது. அதையும் எழுது."

எழுதினேன்.

முப்பத்தெட்டாவது யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. எனக்கு எது மறந்தாலும் அது மறக்காது… அது என்னுடையது.

சங்கரலிங்கம் சங்கத்தை விட்டு விலகி, ரிட்டையரானதும் ஊருக்குப் போய்விட்டார். புஷ்பவல்லிக்கு வேலை போனது. ராஜாங்கத்துக்குச் சேத்தியாத்தோப்புக்கு மாற்றல். ஆறு மாதம் மனைவி அவரோடு பேசவில்லையாம்; அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது! இருபத்துநான்கு வீடுகளும் எழும்பின. எங்கள் குழாயில் தண்ணீர் குறையவில்லை.

எலும்புக்கூடு லேபுக்குத் திரும்பியது. ஒரு விரலைத் தவிர. அது ஒன்பதாம் நம்பரின் அடுப்படிக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது.

பொன்னம்மாள் இன்றைக்கும் சொல்வாள்:

"க்வார்ட்டர்ஸ் ஆளுங்க அனுப்பி எங்க வூட்டுக்கு மொதல்ல குடிவந்தது அந்த வெரலுதாங்க… இன்னும் வாடகை கூடக் குடுக்கல!"