திரளும் அளவு

தூத்துக்குடியில் குடிதண்ணீரைக் கொதிக்கவைக்கும் வழக்கம் போய்ப் பல வருடமாகிவிட்டது. எல்லாவற்றையும் திரளி பார்த்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரில் கலந்து வரும் அந்த மூலக்கூறு, ஆலைக்கழிவின் எண்ணெய் நஞ்சைக் கவ்விக்கொண்டு சிறுநீரோடு வெளியேறிவிடும். ஆலைகளும் நிம்மதியாகக் கழிவைக் கடலில் விட்டன.

எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்தவள் ஸ்டெல்லா, குடிநீர் நிலையத்தின் வேதியியலாளர். திரளி தனித்தனியாக இருக்கும்வரை பரம சாது. ஓர் அளவுக்கு மேல் நெருக்கினால், சோப்புத் தண்ணீரில் நடப்பதுபோல, சட்டென்று கூடிக் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகத் திரண்டுவிடும். அந்த உருண்டைக்கு நஞ்சும் ஒன்றுதான், நரம்பைப் போர்த்தியிருக்கும் கொழுப்பும் ஒன்றுதான். இரண்டையும் கரைத்துவிடும். அதனால் அவள் அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான் கலந்தாள்.

குழம்பை மட்டும் அவள் நினைக்கவில்லை. மீன் குழம்பை வைத்த அன்றே தின்பவனுக்கு ருசி தெரியாது என்கிற ஊர் அது. மறுநாள் சுடவைத்து, அதற்கும் மறுநாள் சுண்டவைத்துச் சட்டியை வழித்துச் சாப்பிடுவார்கள். தண்ணீர் ஆவியாகும், திரளி சட்டியிலேயே கிடந்து நெருங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மகள் ஷைனியால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை.

"அம்மா, விரல் இருக்கதே தெரியலம்மா."

அடுப்பில் சுண்டிக் கிடந்த சட்டியைப் பார்த்ததும் ஸ்டெல்லாவுக்கு விஷயம் புரிந்தது; மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் இடமில்லை. நேற்றிலிருந்தே கை மரத்தவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் தண்ணீர் நஞ்சு என்று டாக்டர் குடிநீர் நிலையத்துக்குப் புகாராகப் பதிவு செய்திருந்தார். நஞ்சில்லை, திரளி என்று ஸ்டெல்லா மன்றாடிச் சொன்னாள். இதற்கு முறிவு அவளுக்குத் தெரியும்: ரத்தம் நீர்த்தால் உருண்டைகள் பிரிந்துவிடும். குழாயிலிருந்து பிடித்துப் பிடித்து மகளைக் குடிக்கவைத்தாள். மற்றவர்களும் அவளைப் பார்த்துக் குடித்தார்கள்.

பிறகுதான் நிலையத்துக்குப் போன் செய்து, திரளியை உடனே குறைக்கச் சொன்னாள்.

மறுமுனையில் இருந்த ரெஜிஸ் தயங்கினான்.

"தண்ணி நஞ்சுன்னு புகார் கூடுனா திரளியக் கூட்டணும்னு நீங்கதான மேடம் மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? விடியும்போதே அது மூணு மடங்காக்கிட்டு."

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். ஷைனி அடுத்த டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"இதையும் குடிச்சிரட்டாம்மா?" என்று கேட்டாள். நாக்கு குழறியது.