மடியில் கிடந்த கை

இறந்துபோன பெண்ணின் மடியில் கிடந்த கை லோஷினியுடையது.

முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. ஸ்கூடாயில் இருக்கும் தன் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, விற்காமல் மீந்த புடவைகளை மடித்தபடியே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாக வாங்கும் ஒருத்தி பகிர்ந்திருந்த கண்ணீர் அஞ்சலி அது. காளியம்மா, ஊர் பண்டார் தெங்காரா. ஐயோ பாவம் என்று தள்ளிவிடப் போன விரல் நின்றது. அரக்குப் பட்டு, பச்சைக் கரை. மடியில் இடக்கை. அதன் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. பள்ளிக்கூட வேன் கதவில் நசுங்கி, அன்றிலிருந்து நிமிராத விரல். ஊரில் யாருக்கும் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியாதா?

தீபாவளி விற்பனைக்காக அவளே கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, கணவன் மதிவாணன் எடுத்த படம். அவள் புடவை விற்கும் இணையப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. தாலிக்கொடி அவளுடையது. மெட்டி போட்ட பாதங்களும் அவளுடையவை. கழுத்துக்கு மேலே மட்டும் அடையாள அட்டையிலிருந்து வெட்டி ஒட்டிய வேறொரு முகம், கொஞ்சம் மங்கலாக, உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாக, நேராகப் பார்த்தபடி இருந்தது.

"அலமாக்! எவன் பார்த்த வேலை இது?"

சிங்கப்பூர் வேலை முடிந்து பாலம் தாண்டி வந்த மதிவாணனிடம் காட்டினாள். அவன் சிரித்துவிட்டான்.

"தல உன்னுது இல்லயே லா. என்னன்னு புகார் குடுப்ப? என் முண்டத்தத் திருடிட்டாங்கன்னா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அஞ்சலி வந்திருந்த தளத்துக்கே புகார் கொடுத்தாள். மறுநாளே பதில் வந்தது. அந்தப் படத்தில் இருப்பவர் நீங்கள் இல்லை என்று.

பிறகுதான் அஞ்சலியில் இருந்த எண்ணுக்கே அழைத்தாள். எடுத்தது இறந்தவரின் மகள் பிரேமலா. லோஷினி கத்தித் தீர்த்தாள்.

"மன்னிச்சிருங்கக்கா. அம்மா படமே எடுத்துக்க மாட்டாங்க, ஐசி படம் ஒன்னுதான். சுமங்கலியா போயிட்டாங்க, பட்டுல பாக்கணும்னு அப்பாவுக்கு ஆச. ஸ்டூடியோல சொன்னோம், செஞ்சு குடுத்தாங்க. எங்கருந்து எடுத்தாங்கன்னு சத்தியமா தெரியாதுக்கா."

இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். லோஷினியின் மாமனாரே உயிரோடு இருந்தவரை போடாத கோட்டில்தான் சுவரில் தொங்குகிறார். அந்தக் கோட்டுக்குள் இருப்பது யாருடைய உடம்பு என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"விளக்கு ஏத்திட்டோம்க்கா. பதினாறு முடியாம படத்த எடுத்தா அம்மா எதுல வந்து நிப்பாங்கன்னு அப்பா ஏசுறாரு. வெளியூரு சொந்தமெல்லாம் போன்ல பாத்துத்தான் கும்பிடுறாங்க…" பிரேமலா அழுதுவிட்டாள்.

அழுகிறவளிடம் என்ன சண்டை போடுவது? லோஷினிக்கு மனசு இளகிவிட்டது.

"சரி சரி, அழாதீங்க. பதினாறு வரைக்கும் நீங்களே வச்சுக்கங்க."

சொல்லிவிட்டு வைத்தபோது நிம்மதியாகவே இருந்தது.

அன்று அந்தியில், பக்கத்துத் தொழுகைக்கூடமான சூராவில் பாங்கு முடிந்து தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்த முன்னறையில் புடவைகளின் கஞ்சி வாசனைக்கு நடுவிலிருந்து மெல்ல, எங்கோ கரி பற்றிக்கொண்டதுபோலத் தொடங்கி, பிறகு அடர்த்தியாக, தொண்டையில் இறங்கி உட்காருகிற அளவுக்குச் சாம்பிராணி மணத்தது. அவள் வீட்டில் சாம்பிராணி வாங்கி மாதக்கணக்கு ஆகிறது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரின் ஊதுபத்தியாக இருக்கும் என்று எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே மழை வாசம்தான் இருந்தது. கைப்பேசி சிணுங்கியது. பிரேமலா அப்போதுதான் படம் போட்டிருந்தாள். மாலை, காமாட்சி விளக்கு, புகை. புகைக்குப் பின்னால் அந்தக் கோணல் விரல்.

மறுநாளும் அதே நேரம் அதே மணம். அதற்கடுத்த நாள் கழுத்தில் ஈரமாக ஏதோ கனத்தது. தடவினால் ஒன்றும் இல்லை. தாலிக்கொடி மட்டும் சில்லென்று இருந்தது. எதற்கும் ஆகாத பயம் இது என்று தன்னையே ஏசிக்கொண்டாள். உட்கார முடியவில்லை. நின்றாள், நடந்தாள், மடித்த புடவையையே மறுபடி உதறி மடித்தாள்.

நேரலையில் புடவை காட்டிக்கொண்டிருந்தபோது வாயில் காரம் ஏறியது. பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுதினாள்: 'சிஸ், வெத்தல போட்டிருக்கீங்களா?' லோஷினி ஓடிப்போய்க் கழுவுதொட்டியில் துப்பினாள். சிவப்பு. ரத்தம் இல்லை. பாக்குத் துணுக்கு இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் வெற்றிலை தொட்டதில்லை.

"படையல்ல என்ன வச்சீங்க இன்னிக்கு?" பிரேமலாவை அழைத்துக் கேட்டாள்.

"அம்மாவுக்குப் பிடிச்ச வெத்தலபாக்குக்கா. ஏன்?"

"அந்தப் படத்த எடுத்திருங்க. இப்பவே. உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

எதிர்முனையிலிருந்து வந்த குரலில் அழுகை இல்லை. சந்தோஷம் இருந்தது.

"நீங்கதானக்கா வச்சுக்கங்கன்னு சொன்னீங்க. நேத்து அம்மா கனவுல வந்தாங்க. சக்கர நோவுல ரெண்டு காலையும் முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்கக்கா, மூணு வருசம் படுக்கையிலயே கெடந்தாங்க. நேத்து நடந்து வந்தாங்க. மெட்டி போட்டிருந்தாங்க. 'கால் நல்லா இருக்கு தாயி, வயசுப் புள்ள காலு'ன்னு சொன்னாங்க."

லோஷினி கைப்பேசியை வைத்துவிட்டுத் தன் பாதங்களைப் பார்த்தாள். காலையிலிருந்து மரத்துத்தான் கிடந்தன. ஒரே மாதிரி உட்கார்ந்ததால் என்று நினைத்திருந்தாள். கிள்ளினாள். வலிக்கவில்லை.

தன் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை அழித்தாள். அரக்குப் புடவையை மாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மாடியேற அவளுக்குக் கைப்பிடி தேவைப்பட்டது. பதினாறாம் நாள் காலையில் மதிவாணனை வீட்டில் இருக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"வெறும் நரம்புக் கோளாறா இருக்கும் லா. சீக்கிரம் வந்துர்றேன், கிளினிக் போலாம்."

சாயங்காலம் சோபாவில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பேசியில் பண்டார் தெங்காரா வீட்டின் நேரலை ஓடியது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. இலைகள், பழங்கள், சோறு, புகை. பிரேமலாவின் குரல் கேட்டது.

"அம்மா. வாங்கம்மா. வந்து சாப்பிடுங்க."

எல்லோரும் கூப்பிட்டார்கள். கிழவர் ஒருவரின் உடைந்த குரலும் சேர்ந்தது. "வா காளி."

மேலே அலமாரி திறந்தது.

புதுப்பட்டின் சரசரப்பு. அவளுக்குத் தெரியாத சத்தமா அது? தினமும் கேட்கிற சத்தம். கொசுவம் மடிக்கிற சத்தம். முந்தானையை உதறுகிற சத்தம். பிறகு படிக்கட்டில் மெட்டி.

டக்.

டக்.

கைப்பிடியில் ஒரு இடக்கை இறங்கி வந்தது. சுண்டுவிரல் கோணியிருந்தது. பச்சைக் கரைக்குக் கீழே இரண்டு பாதங்கள். இடது பாதத்தில் அவளுடைய மச்சம்.

எழ வேண்டும். எழு. போர்வையை விலக்கினாள். முட்டிக்குக் கீழே சோபாதான் இருந்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.

"லோஷி, கதவத் தொற!"

கத்தினாள். வாய் நிறைய வெற்றிலைச் சாறு. கழுத்தை மாலை அழுத்தியது. பாதங்கள் சோபாவைத் தாண்டிப் போயின. நிற்கவில்லை. தாழ்ப்பாள் விலகியது.

"வந்துட்டேங்க." அது லோஷினியின் குரல்.

"அட! பட்டெல்லாம் கட்டியிருக்க? காலு சரியாயிருச்சா?" மதிவாணன் சிரித்தான். அந்தச் சிரிப்பு ரொம்பத் தூரத்திலிருந்து கேட்டது.

புகை. கண் எரிந்தது. இமைக்க முடியவில்லை.

புகை விலகியபோது முன்னால் சோறு படைத்த வாழையிலைகள் இருந்தன. தெரியாத முகங்கள் கைகூப்பியிருந்தன. நடுவில் கண்கள் வீங்கிய ஒரு பெண் ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். உற்றுப் பார்த்தாள். புன்னகைத்தாள்.

பிறகு சந்தனமும் குங்குமமும் தொட்ட விரலை, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, லோஷினியின் நெற்றிக்கு நேரே கொண்டுவந்தாள்.