கதவைக் கையால் திறந்தவன்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது குணாளன் மூன்று பேருக்கு வணக்கம் வைப்பான். கதவுக்குக் கதவன், கீலுக்குக் கீலன், நிலைப்படிக்குப் படியன். மூன்றும் தாமாக யோசித்துப் பேசும் நுண்ணறிவிக் கருவிகள், தூத்துக்குடி மேல்நகரில் இவை இல்லாத வீடு கிடையாது. ஒன்றை மறந்தாலும் போதும், அது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், கதவு தானாகத் திறக்காது.

"ஒரு கதவுக்கு மூணு சாமியா? எங்க தெருவுக்கே ஒத்த வாட்ச்மேன்தான்!" என்று கல்யாணமான புதிதில் பெலிசிட்டா சிரித்தாள். அவள் கடற்கரைச் சிற்றாலயத்துக் கிறிஸ்தவச் சபைக்காரி. எந்தக் கருவிக்கும் வணக்கம் வைக்கமாட்டாள், கதவைக் கையால் தள்ளித்தான் திறப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே அவளை அவனுக்குப் பிடித்திருந்தது. அந்தச் சிரிப்பு நின்று இரண்டு வருடமாகிறது.

இந்தச் சின்னஞ்சிறு தெய்வங்களுக்கெல்லாம் மேலே ஊழ்காட்டி இருந்தது. மறுநாள் நடக்கப்போவதை முதல்நாளே கூடத்துச் சுவரில் காட்டும். காட்டியதற்கு எதிராக ஒருவரும் நடப்பதில்லை. ஊழுக்கு வழிவிடுவதுதான் நாகரிகம். மழை என்றால் குடையை எடுத்து வைப்பது, சாவு என்றால் பந்தலுக்குச் சொல்லிவிடுவது.

நேற்று அது காட்டியது: 'பெலிசிட்டா நாளை மாலை இந்த வீட்டை விட்டுப் போவாள். குணாளன் வீட்டிலேயே இருப்பான்.'

குணாளன் அதை இரண்டு முறை படித்தான். இன்று மாலை பெட்டியை எடுத்து அவள் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தான். அவளுக்குக் குளிர் ஆகாது என்று கம்பளியையும் வைத்தான்.

பெலிசிட்டா வந்து பார்த்தாள்.

"என்ன செய்யுதீங்க?"

"ஊழ்காட்டி சொல்லிச்சு."

"அன்னைக்கும் இப்படித்தான். பிள்ளை தங்காதுன்னு அது சொல்லிச்சு. வயித்துல உசுரு இருக்கும்போதே தொட்டில எடுத்துக் கொடுத்திட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. "பிள்ளை போனதுக்கு உங்களக் குத்தம் சொல்லல. அந்தத் தொட்டிலு கடைசிவரைக்கும் இருந்திருக்கணும்."

"எப்படியும் நடக்கப்போறதுதானே பெலிசி?"

"எங்க ஆண்டவருக்கும் நாளைக்கு நடக்கப்போறது தெரியும். தெரியுங்கிறதுக்காக அவரு யாரையும் பிடிச்சுத் தள்ளுறதில்ல. போறதும் இருக்கதும் நம்ம பாடு. நேத்து அதைப் பாத்தப்போ நான் போகணும்னே நெனைக்கல. இந்தப் பெட்டியப் பாத்தபிறகுதான் தோணுது."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் தள்ளித் திறந்து போனாள். கதவு அதன்பின் சாத்திக்கொண்டது. கதவனும் கீலனும் படியனும் ஒரே குரலில் அவளுக்கு வழியனுப்பு வாழ்த்துக் கூறின.

குணாளன் அங்கேயே நின்றான். வீட்டிலேயே இருப்பான் என்றிருந்தது, இருந்தான். கொடுத்துவிட்ட அந்தத் தொட்டில் நினைவுக்கு வந்தது. அதை வாங்கிப்போன ஆளிடம், துணி புதுசு, துவைக்க வேண்டாம் என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. என்ன காரியம் செய்துவிட்டோம்!

வாசலுக்கு ஓடினான்.

"குணாளன் இன்று வீட்டிலேயே—" என்று கதவன் தொடங்கியது. அவன் யாருக்கும் வணக்கம் வைக்கவில்லை. தோளைக் கொடுத்து முட்டினான். கீலன் முனகியது, கதவு திறந்தது.

அவள் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. மெதுவாகத்தான் நடந்துகொண்டிருந்தாள். அவன் மூச்சிரைக்கப் போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பற்றினான்.

"உங்கள இருக்கச் சொல்லியிருந்ததே, எங்க வாரீங்க?"

"தெரியல" என்றான்.

அந்த ஊரில் யாரும் சொல்லி அவள் கேட்டிராத சொல் அது. பெலிசிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கைப்பிடியை விடாமல், அவனும் பிடிக்கக் கொஞ்சம் இடம் கொடுத்தாள்.