சேர்மன் காரின் சிவப்புப் பொத்தான்

ஆயுத பூசைக்கு இன்னும் முழுசாக இரண்டு மாதம் கிடந்தது. ஆனாலும் மெய்யநாதனின் கார் மாலையும் கழுத்துமாக நின்றது.

முத்துக்கண்ணன் கொட்டகைக்குள் நுழைந்து, காரின் முன்பக்கம் வந்ததும் தயங்கினான். பெரிய வெள்ளைக் கார். முன் பம்பர் முழுக்கச் சந்தனம், அதற்கு மேலே குங்குமம். பொட்டு வைத்த மாதிரி இல்லை, சுவர் ஓட்டையை அடைத்துப் பூசிய மாதிரி இருந்தது. டயர்களுக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் கிடந்து வாடியிருந்தன. முந்தின நாள் காலையில் பூசையெல்லாம் முடித்து, பழத்தின் மேல் ஏற்றுவதற்காகச் சாவியைத் திருகினால் வண்டி மறுத்துவிட்டதாம். லேசாகக் கீறல் விழுந்தாலே மதுரையிலிருந்து கம்பெனி ஆளை வரவழைக்கிற மனிதர், இந்தத் தடவை சாக்கோட்டைச் சாலையோர மெக்கானிக் முத்துக்கண்ணனைக் கூப்பிட்டிருந்தார். அதுவும் உச்சி வெயிலில், பின் தெரு வழியாக, தனியாக வரச்சொல்லி.

"கண்ணுபட்டுருச்சுப்பா," என்றார் மெய்யநாதன். "ஊரு கண்ணு பூராம் இந்த வண்டி மேலதான்."

"கண்ணுபட்டா பெட்ரோல் ஏறாதாய்யா?"

"நக்கலு? நாலு மணிக்குக் காளையார்கோவில்ல நான் குத்துவிளக்கு ஏத்தணும். பத்திரிகையில பேரு போட்டுட்டாக."

மெய்யநாதன் ஒன்றியத் தலைவராக இருந்து இறங்கிப் பதினொரு வருஷம் ஆகிறது. கார் முகப்பிலிருந்த பலகையில் 'மேனாள்' எறும்பு அளவிலும் 'சேர்மன்' யானை அளவிலும் எழுதியிருந்தது. முப்பத்திரண்டு பங்காளிகள் உள்ள பெரிய வீட்டில் ஒரே ஒரு பங்காளி விற்ற பின்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, அதை 'நம்ம அரண்மனை' என்று சொல்லிவந்தார். அரண்மனையின் மற்ற முப்பத்தொரு பங்கும் பூட்டிக் கிடந்தது. கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை.

முத்துக்கண்ணன் வந்தது குத்துவிளக்குக்காக இல்லை. அவன் தம்பி மருது ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய மொபெட்டை எடுத்துக்கொண்டு ஒக்கூருக்குப் போனவன், செவ்வாய் ஆகியும் திரும்பவில்லை. போன் அணைந்து கிடந்தது. ஸ்டேஷனில் சொன்னால், போதை தெளிந்ததும் வருவான் போ என்று அனுப்பிவிட்டார்கள். மருதுவின் பெண்டாட்டி இரண்டு நாளாக அடுப்புப் பற்றவைக்கவில்லை. சேர்மன் ஒரு வார்த்தை சொன்னால் நாலு போலீஸாவது தேடப் போவார்கள்.

"வண்டி உறுமட்டும்," என்றார் மெய்யநாதன். "மறு நிமிஷம் இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுறேன். உன் தம்பி எந்தக் கண்மாய்க்குள்ள கிடந்தாலும் தூக்கிட்டு வந்துருவாக."

கண்மாய் எதற்கு இங்கே வந்தது என்று முத்துக்கண்ணனுக்கு ஒரு கணம் உறுத்தியது. மாண்புமிகுக்கள் பேச்சில் கண்டதும் வரும் என்று விட்டுவிட்டான்.

"டிரைவர் எங்கங்கய்யா?"

"ஞாயித்துக்கிழமையிலருந்து லீவு. நாந்தான் ஓட்டுறேன்."

"அப்ப நீங்களே உக்காந்து திருகுங்க."

கிர்ர்ர், கிர்ர்ர், கிர்ர்ர் என்று எஞ்சின் சுற்றியது, சுற்றியது, எழுந்திருக்க மனமில்லாதவன் பாயில் புரள்கிற மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அப்படியென்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. பொறி வரவில்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை. பானெட்டைத் தூக்கினான். சந்தனமும் வாடிய சம்பங்கியும் சூடான ரப்பரும் கலந்து முகத்தில் அடித்தன. அவற்றுக்கெல்லாம் அடியில், கறிக்கடைக் கட்டையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்ட பிறகும் மிச்சம் இருக்குமே, அந்த வாடை.

பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்து வைத்துத் திருகச் சொன்னான். நீலமாகப் பொறி வெட்டியது. அப்படியானால் பெட்ரோல்தான் வரவில்லை. சாவியைப் பாதி திருகினால் பின்சீட்டுக்கு அடியில் பம்ப் ஒரு வண்டு மாதிரி இரைய வேண்டும். பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டான். வண்டு இல்லை. வெகு தூரத்தில், ஏதோ ஒரு ரோட்டில், ஒரு மொபெட் வந்துகொண்டிருக்கிற சத்தம்தான் கேட்டது. தலையைத் தூக்கினால் இல்லை. காதை வைத்தால் இன்னும் கொஞ்சம் பக்கத்தில்.

பின் தெருவில் யாராவது போவார்கள் என்று சொல்லிக்கொண்டான். பியூஸ் நன்றாக இருந்தது. இடது பக்கக் கதவைத் திறந்து, தரையில் மண்டியிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். அங்கே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. வண்டி எதிலாவது பலமாக மோதினால், தீப்பிடிக்காமல் இருக்க அது பம்பை நிறுத்திவிடும். நிறுத்தியதற்கு அடையாளமாக அதன் சிவப்புப் பொத்தான் மேலே துள்ளி நிற்கும்.

துள்ளி நின்றது.

"அய்யா, எங்கயும் முட்டுனீகளா?"

"முட்டுறதா? நானா?" மெய்யநாதன் கண்ணாடியில் மீசையைப் பார்த்தார். "வாசலுக்கு வெளியவே போகலப்பா."

முத்துக்கண்ணனுக்கு வேறொன்று இடித்தது. ரோட்டில் மோதியிருந்தால் வண்டி அங்கேயே நின்றிருக்கும். வீடு வரை வந்து, கொட்டகைக்குள் நின்ற பிறகு, எது வந்து மோதியது?

பொத்தானை அமுக்கினான். பம்ப் இரைந்தது. "திருகுங்க." ஒரே திருகலில் எஞ்சின் பிடித்தது. மெய்யநாதன் தொடையைத் தட்டிக்கொண்டு, கூட்டத்தில் கும்பிடுகிற மாதிரி கையைத் தூக்கினார்.

டொம்.

முன்னாலிருந்து. வண்டி முழுக்க அதிர்ந்து, எஞ்சின் நின்றது. பொத்தான் துள்ளி முத்துக்கண்ணனின் கட்டைவிரலில் அடித்தது. அவன் எழுந்து முன்னால் போனான். வெறும் தரை. எதிர்ச்சுவர் பத்தடி தள்ளி இருந்தது. பம்பரில் சந்தனம் பாளம் பாளமாக உதிர்ந்து, அடியில் ஒரு பள்ளம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெயர்ப்பலகை மெல்ல நடுவில் மடங்கியது.

"விட்ருப்பா," என்றார் மெய்யநாதன். குரலில் சேர்மன் இல்லை. "வாடகைக் கார் பிடிச்சுக்கிறேன்."

"என்னத்த முட்டுனீக?"

"மாடு. குறுக்க வந்துருச்சு. ஒக்கூரு ரோட்டுல."

ஒக்கூரு ரோடு. மருது போன ரோடு. முத்துக்கண்ணன் மறுபடி மண்டியிட்டுப் பொத்தானை அமுக்கினான். "திருகுங்க." மெய்யநாதன் தலையாட்டினார். மாட்டேன் என்று. முத்துக்கண்ணன் கையை நீட்டி அவனே திருகினான்.

எஞ்சின் பிடித்தது. அந்த மொபெட் சத்தம் இப்போது கொட்டகைக்குள்ளேயே. தகரம் நசுங்கியது. ரோட்டில் செருப்பு தேய்கிற சத்தம். பானெட் நடுவில் ஒரு உடம்பின் அகலத்துக்குக் குழிந்தது. மாலை அறுந்தது. எஞ்சின் நின்றது.

மாடு செருப்புப் போடுவதில்லை.

மூன்றாம் தடவை அமுக்கித் திருகினான். முன்கண்ணாடி இடது பக்கம் வெடித்து வலைபோல விரிந்தது. வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை வந்து அப்பியது. கை இல்லை, கையின் அச்சு மட்டும். ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒர்க்‌ஷாப்பில் ஃபேன் பெல்ட்டில் மாட்டி, முத்துக்கண்ணன் கண் முன்னாலேயே மருதுவுக்குப் போன கணு.

கைக்குப் பக்கத்தில், கண்ணாடியில், ஒரு வட்டம் ஆவி படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது. சுருங்கியது.

மூச்சு.

"அடிச்ச உடனே முடிஞ்சுபோச்சுப்பா," மெய்யநாதன் கிசுகிசுத்தார். "சத்தியமா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிப் பிரயோசனமில்ல. உயிரு இல்ல."

"மூச்சு விடுறான்."

"இல்ல."

"அங்குட்டுப் பாருங்கய்யா. மூச்சு விடுறான்."

முத்துக்கண்ணனுக்குச் சட்டென்று விளங்கியது. பொத்தான் மேலே நிற்கிறது. அமுக்காதவரை அடுத்தது நடக்காது. அமுக்காதவரை மருது இந்தக் கண்ணாடியில் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பான். அவன் இரண்டு கையாலும் பொத்தானைச் சுற்றி மூடிக்கொண்டான், காற்றில் விளக்கை மறைக்கிற மாதிரி. "டேய் மருது," என்றான். "அண்ணன் இருக்கேன்டா. இருந்துக்க."

ஆவி வட்டம் பெரிதானது.

"கைய எடுறா," என்றார் மெய்யநாதன். "நகருடா நாயே. நான் போகணும்." தன் பக்கக் கதவை உலுக்கினார். திறக்கவில்லை. சீட்டோடு சாய்ந்து, பாலிஷ் போட்ட செருப்புக் காலைத் தூக்கி முத்துக்கண்ணனின் முகத்தில் மிதித்தார். பல் உடைந்தது. மறுபடி மிதித்தார். மூக்கு. வாயெல்லாம் ரத்தம். முத்துக்கண்ணன் கையை எடுக்கவில்லை. மூன்றாவது மிதி விரல்களின் மேல் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. விரல்கள் விலகின. குதிகால் பொத்தான் மேல் இறங்கியது.

கிளிக்.

கண்ணாடியில் ஆவி இல்லை.

அடுத்த மிதியில் முத்துக்கண்ணன் சிமெண்டுத் தரையில் மல்லாந்து விழுந்தான். கதவு தானாக அறைந்து சாத்தியது. மெய்யநாதன் சாவியைத் திருகினார். எஞ்சின் பிடித்தது. ரிவர்ஸ் போட்டு அழுத்தினார். கொட்டகைக் கதவு பின்னால் திறந்துதான் கிடந்தது, வெயில் தெரிந்தது, ஆனால் கார் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. சக்கரங்கள் சுற்றவில்லை.

இடது முன்டயர் மட்டும் தரையை விட்டு மேலே எழும்பியது.

முத்துக்கண்ணன் புரண்டதில் கன்னம் தரையில் இருந்தது. அவனுக்கு நேராகத் தெரிந்தது. டயருக்கும் தரைக்கும் நடுவே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத அந்த இடத்தின் மேல் டயர் ஏறி நின்றது. ஒரு சாண் உயரம். ஒரு மனுஷன் மல்லாந்து கிடந்தால் நெஞ்சு இருக்குமே, அந்த உயரம். அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு டயர் இறங்கியது.

மெய்யநாதன் கியரை மாற்றினார். முன்னால். டயர் மறுபடி ஏறியது.

ஐந்து விரல் உயரம்.

ரிவர்ஸ். உள்ளே அவர் வாய் திறந்து திறந்து மூடியது. ஸ்டியரிங்கை உலுக்கினார். பிறகு உலுக்கவில்லை. அவர் வலது கை மட்டும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தது, இடது கை கியரை மாற்றியது, கால் அழுத்தியது. நிதானமாக. ஏற்கெனவே ஒருமுறை செய்த வேலையைச் செய்கிறவர் மாதிரி.

நாலு விரல்.

சத்தம் நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை.

முன்னால். மூன்று விரல். பின்னால். இரண்டு.

முத்துக்கண்ணன் முறிந்த கையைத் தரையோடு தரையாக நீட்டி, அந்த இடைவெளிக்குள் விட்டான். தரை காய்ந்து கிடந்தது. காற்று மட்டும் வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது.

கியர் மாறியது. டயர் எழும்பவே இல்லை. ஏறி நிற்க அங்கே இனி நெஞ்சு மிச்சமில்லை.